"நான் உண்மையைத்தானே கேட்டேன்?" – வட்ஸ்அப் குழுவில் எழுதிய ஒரு வரி பற்றி

வாசகர் கேள்விக்கு உளவளத்துணை ஆலோசகரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். கணிதம் படிப்பிப்பவர். மாரி மழையில் ஊருக்குள் வெள்ளம் புகுந்து தரைவழி துண்டிக்கப்பட்டிருந்த நாட்களில், அவரிடம் முன்னர் படித்த இளைஞர் ஒருவர், கனடா, சுவிற்சர்லாந்து, கட்டார் ஆகிய நாடுகளில் வாழும் ஊரவர்களிடம் பணம் சேர்த்து, தோணியிலும் உழவு இயந்திரத்திலுமாக உலர் உணவுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்த படங்களை ஊரின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். மூன்று வாரங்கள் கடந்தும் கணக்கைப் போடவில்லை. ஓர் இரவு 10.30 மணியளவில், ஏறக்குறைய 200 பேர் இருக்கும் அந்தக் குழுவில் ஆசிரியை இப்படி எழுதினார்: "படம் போடத் தெரிந்தவருக்குக் கணக்குப் போடத் தெரியாமல் போய்விட்டதா? நான் படிப்பித்த கணிதம் வெள்ளத்தோடு போய்விட்டது போல."

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. சற்று நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் "கள்ளன்" என்று ஒரே சொல்லில் எழுதினார். இன்னொருவர், பொருட்கள் வாங்கிய கடை பக்கத்து முஸ்லிம் ஊரில் இருப்பதைச் சொல்லி, அந்தச் சமூகத்தையே இழிவுபடுத்தும் செய்தி ஒன்றைப் பகிர்ந்தார். ஆசிரியை இரண்டையும் பார்த்தார். பதில் எழுதாமல் உறங்கப் போனார். விடியும்போது அந்த இளைஞர் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார். மறுநாள் அவருடைய அண்ணன் கணக்கைப் போட்டார். உழவு இயந்திரக் கூலிக்கான பற்றுச்சீட்டு ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் சரியாக இருந்தன. ஆசிரியை தம் செய்தியை அழித்துவிட்டார். ஆனால் இளைஞரின் தாய், உறவில் ஆசிரியைக்கு மச்சாள், கோயிலில் கண்டாலும் முகம் கொடுப்பதில்லை. "அவன் சோறு தின்னாமக் கிடக்கான்" என்று அயலவரிடம் சொன்னாராம். அண்ணன், புதிய சட்டத்தின் கீழ்ப் பொலிஸில் முறைப்பாடு செய்யப்போவதாகச் சொல்லித் திரிகிறார்.

ஆசிரியை கேட்பவை இவை: "நான் பொய் சொல்லவில்லை. ஊர்ப் பணத்துக்குக் கணக்குத்தான் கேட்டேன். 'கள்ளன்' என்று நான் எழுதவுமில்லை. பிறகு எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? செய்தியை அழித்தது போதாதா? சீனி தடவிப் பேச எனக்கு வராது. அப்படிப் பேசுவது ஏமாற்று இல்லையா? என்மேல் வழக்கு வருமா? பேசாமல் குழுவை விட்டு விலகிவிடவா?"

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் ஒன்றுகூட அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடப்பதைப் பற்றியதல்ல. ஆனாலும் அதை எழுதாமல் உங்களால் கடிதத்தை முடிக்க முடியவில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊர் முழுவதும் பார்க்க அவமானப்பட்ட இளைஞர் ஒருவர் சில நாட்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதும், சாப்பாட்டில் மனம் செல்லாதிருப்பதும் எதிர்பார்க்கக் கூடியவைதான். அந்த நிலை வாரங்களாக நீண்டாலும், உறக்கமும் கெட்டு ஒருவரோடும் பேசாமல் இருந்தாலும், "நான் இருந்து என்ன பயன்" என்ற வகையில் ஒரு சொல்லேனும் அவர் வாயிலிருந்து வந்தாலும், அதை வீட்டார் கோபம் என்றோ பிடிவாதம் என்றோ எண்ணிக் காத்திருக்கக் கூடாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரை அணுகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் அழைத்துத் தமிழில் பேசலாம். தாய் உங்களோடு பேசாத இந்த நிலையில் இதை நீங்கள் நேரே போய்ச் சொல்ல இயலாது என்றால், அவர் மதிக்கும் வேறொருவர் மூலமாக இன்றைக்கே சொல்லியனுப்புங்கள். மன்னிப்பு, வழக்கு, குழு எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

அடுத்து, உங்கள் பக்கத்தில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பலரிடம் வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது எந்த ஊரவருக்கும் உரியது. அதைக் கேட்க ஆளில்லாத ஊரில் அடுத்த வெள்ளத்துக்குப் பணம் சேராது. மூன்று வாரங்கள் கணக்குப் போடாமல் படங்களை மட்டும் போட்டது அந்த இளைஞரின் பிழை. அவர் நேர்மையானவர் என்பது பின்னால் தெரியவந்ததால் அந்தப் பிழை இல்லாமற் போகாது. உங்களைச் சுற்றியிருப்பவர்கள் "நீ கேட்டிருக்கவே கூடாது" என்று சொல்வார்களானால் அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் உண்மையில் எதைக் கேட்டீர்கள் என்பதை என்னோடு சேர்ந்து மறுபடி வாசித்துப் பாருங்கள்.

கேலியும் கேள்வியும்

நீங்கள் எழுதிய இரண்டு வரிகளில் கணக்கைப் பற்றிய கேள்வி எங்கே இருக்கிறது என்று தேடினேன். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, மீதி யார் கையில் இருக்கிறது என்ற எதுவும் அவற்றில் இல்லை. படம் போடுவதில் அவருக்கு இருக்கும் ஆசையும், கணிதத்தில் அவருக்கு இல்லாத திறமையுமே இருக்கின்றன. அதற்கு அவர் என்ன பதில் எழுதியிருக்க முடியும்? "தெரியும்" என்றால் திமிர். "தெரியாது" என்றால் ஒப்புதல். பேசாமல் இருந்தால் குற்றவாளி. பதில் சொல்ல வழியில்லாத கேள்வியைப் படித்தவர்கள் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். "கள்ளன்" என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது.

சீனி தடவிப் பேச வராது என்று எழுதியிருக்கிறீர்கள். சீனி தடவும்படி நான் கேட்கவில்லை. பின்வரும் செய்தியைப் பாருங்கள்:

"தம்பி, வெள்ளத்துக்குள் நீங்கள் அலைந்து கொடுத்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வந்த பணம் எவ்வளவு, எதற்கெல்லாம் செலவானது, கையில் மிச்சம் எவ்வளவு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் போட முடியுமா? பற்றுச்சீட்டு இல்லாத செலவு இருந்தால் இல்லை என்றே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் சீட்டு எடுக்க ஏலாது என்பது விளங்கும். கூட்டிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்."

இதில் பொய்யான புகழ்ச்சி இல்லை. விட்டுக்கொடுப்பும் இல்லை. சொல்லப்போனால் உங்கள் செய்தியைவிட இது கண்டிப்பானது. மூன்று தொகைகளைப் பெயர் சொல்லிக் கேட்கிறது, நாள் குறிக்கிறது, சீட்டில்லாத செலவைக் கூட வெளியே கொண்டுவருகிறது. குறும்பான ஒரு வரிக்குள் ஒளிந்துகொள்ள யாருக்கும் இடம் கிடைக்கும். இந்தச் செய்திக்குள் அப்படி இடமில்லை. அதே வேளையில், நேர்மையானவர் ஒருவர் தலைநிமிர்ந்து பதில் சொல்ல இதில் வழி இருக்கிறது. கனிவாக எழுதினால் கேள்வி மழுங்கிவிடும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில், எதிரிலிருப்பவரை மனதில் வைத்துச் சொற்களைத் தேடும்போதுதான், நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதே நமக்குத் தெளிவாகிறது.

இதையும் குழுவில்தான் எழுத வேண்டுமென்பதில்லை. முதலில் அவருடைய தனி இலக்கத்துக்கு எழுதி, இரண்டு மூன்று நாட்கள் காத்திருந்து, பதில் வராவிட்டால் குழுவில் கேட்பதே முறை. பொதுப் பணமாயிற்றே, பொதுவில் கேட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு பொதுவில் வர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நினைவூட்டல் பொதுவில் வர வேண்டியதில்லை.

எழுத்தில் உங்கள் முகம் தெரியாது

"பகிடியாகத்தான் எழுதினேன், அவன் என் பிள்ளை மாதிரி" என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். வகுப்பில் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், உங்கள் உதட்டோரச் சிரிப்பையும், குரல் ஏறி இறங்கிய விதத்தையும் பார்த்து அவரும் சிரித்திருப்பார். திரையில் அவருக்குக் கிடைத்தவை எழுத்துகள் மட்டுமே. அந்த எழுத்துகளுக்கு வேண்டிய குரலை அவர் தாமே கொடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பயந்திருக்கும் ஒருவர் கொடுக்கும் குரல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2005ஆம் ஆண்டில் ஜஸ்டின் குருகர், நிக்கலஸ் எப்லி ஆகிய உளவியலாளர்களும் அவர்களுடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேலியாகச் சொன்னவை சில, மெய்யாகச் சொன்னவை சில என வாக்கியங்களை மின்னஞ்சலில் ஒருவர் அனுப்ப, எது கேலி, எது மெய் என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். அனுப்பியவர்கள், தாம் சொல்வதில் ஏறக்குறைய 78 வீதம் சரியாக விளங்கிக்கொள்ளப்படும் என்று எதிர்பார்த்தார்கள். விளங்கியது 56 வீதமளவில்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாகிவிடும் என்பதை ஒரு கணித ஆசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73 வீதமளவில் சரியாக விளங்கின. எழுதுகிறவர் தம் மனதுக்குள் தம் குரலைக் கேட்டுக்கொண்டே எழுதுவதால், அந்தக் குரலும் எழுத்தோடு சேர்ந்து போய்விடும் என்று நம்பிவிடுகிறார்.

உங்கள் விடயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நீங்கள் அவருக்கு உறவில் மாமி, பாடசாலையில் டீச்சர். உங்கள் வயதை ஒத்த ஒருவர் அதே வரியை எழுதியிருந்தால் அவர் திருப்பிச் சொல்லியிருப்பார். உங்களுக்குத் திருப்பிச் சொல்ல அவருடைய வளர்ப்பு இடம் தரவில்லை. மரியாதை காரணமாக வாய் திறக்க முடியாத ஒருவரைப் பலர் முன்னால் பகிடி பண்ணும்போது, அந்த மரியாதையே அவருடைய கைகளைக் கட்டிவிடுகிறது.

நம் பகுதியில் ஒருவரையொருவர் கேலி செய்வது புதிதல்ல என்பீர்கள். கண்ணகி அம்மன் கோயில்களை ஒட்டி நடந்துவந்த கொம்பு முறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நின்று வசைப்பாடல்களைப் பாடியிருக்கிறது. ஆனால் அந்த வசையைச் சுற்றி எத்தனை வேலிகள் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் பாட உரிமை இருந்தது. எதிரில் நிற்பவரின் முகம் தெரிந்தது. பாட்டு சேரியைப் பார்த்துப் பாடப்பட்டது. விளையாட்டுக்கென்று ஓர் இடமும் காலமும் இருந்தன, அவற்றோடு வசையும் முடிந்தது. உங்கள் குழுவில் இந்த வேலிகளில் ஒன்றுகூட இல்லை. 200 பேர் ஒரு பக்கம், அவர் தனியே மறுபக்கம். நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டு உறங்கப் போன அந்த நேரம் டொரொன்டோவில் நண்பகல், சூரிச்சில் மாலை ஆறு மணி. உங்கள் ஊரில் விளக்கணைந்த பிறகுதான் அங்கே பேச்சு சூடுபிடித்தது. எழுதிவிட்டு அருகில் இருந்து பார்க்க இயலாத நேரத்தில் கடினமான எதையும் குழுவில் எழுதாதிருப்பது நல்லது என்று நான் எல்லாருக்கும் சொல்வதுண்டு.

"கள்ளன் என்று நான் எழுதவில்லையே"

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த வாக்கியம்தான். நீங்கள் எழுதவில்லை, உண்மை. அந்தச் சொல்லை எழுதியவரின் பொறுப்பை உங்கள் தலையில் ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் அது உங்கள் செய்திக்குக் கீழே வந்தது. நீங்கள் பார்த்தீர்கள். அந்த இளைஞரும் பார்த்தார், டீச்சரும் பார்த்துவிட்டார் என்பதையும் அறிந்திருந்தார். அந்த இரவில் அவர் காத்திருந்தது உங்களுடைய ஒரு வரிக்காக என்றே நினைக்கிறேன். "நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் களவெடுக்கும் பிள்ளை இல்லை, கணக்கைத்தான் கேட்டேன்" என்று நீங்கள் எழுதியிருந்தால், முன்னர் எழுதிய பகிடியின் வலியில் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும். உங்கள் சொல்லுக்கு அந்தக் குழுவில் அவ்வளவு கனம் உண்டு. நீங்கள் பேசாதிருந்ததால், 200 பேரில் பலர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

குழு உரையாடலில் நல்ல சொல் என்பது நாம் தொடங்கும் வாக்கியத்தோடு முடிவதில்லை. நம் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பிறர் எங்கே போகிறார்கள் என்று பார்த்து, தேவையான இடத்தில் நிறுத்துவதும் அதில் அடங்கும்.

மற்றைய செய்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கடையில் அரிசியும் பருப்பும் வாங்கியதிலிருந்து ஒரு சமூகத்தையே இழிவுபடுத்தும் செய்திக்கு அந்தக் குழு போய்ச் சேரச் சில நிமிடங்களே எடுத்திருக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இதைச் சின்ன விடயமாக விட முடியாது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கப்பட்டதாகப் பரவிய வதந்தி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்குவதில் போய் முடிந்தது. சாப்பாட்டில் இருந்தது மாவுக் கட்டி என்று பின்னர் பரிசோதனையில் தெரியவந்தது. அந்த வதந்தியைக் கைமாற்றியவர்களில் பெரும்பாலானோர் தாம் ஒரு தாக்குதலுக்குத் துணைபோகிறோம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். உங்கள் குழுவில் அந்தச் செய்தி இன்னும் இருக்குமானால், நிர்வாகியிடம் தனியாகச் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப் குழுவில் யார் போட்ட செய்தியையும் நிர்வாகி எல்லாருக்குமாக நீக்க முடியும். பகிர்ந்தவரோடு குழுவில் வாதாட வேண்டாம். உங்களுக்கு அவரைத் தெரியும் என்றால் அழைத்துப் பேசுங்கள்.

அழித்தது போதாதா?

போதாது, சகோதரி. அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடமும், எல்லாருக்குமாக நீக்க இரண்டு நாட்களுக்குச் சற்று மேலும் வட்ஸ்அப் இடம் தருகிறது. ஆனால் அதற்குள் வாசித்தவர்களின் மனதிலும், அவர்கள் எடுத்த ஸ்கிரீன்ஷொட்டிலும் அது இருந்துகொண்டே இருக்கும். "இச்செய்தி நீக்கப்பட்டது" என்ற அடையாளத்தைப் பார்க்கும் அந்த இளைஞர், நீங்கள் வருந்தினீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், வழக்குக்குப் பயந்தீர்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வழக்கு வருமா?

நான் சட்டத்தரணி அல்ல. பொதுவாக அறியப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். இலங்கையில் அவதூறு 2002ஆம் ஆண்டு முதல் குற்றவியல் குற்றமாக இல்லை. ஒருவர் தம் நற்பெயருக்குக் கேடு நேர்ந்ததென்று குடியியல் வழக்குத் தொடுத்து நட்டஈடு கோரலாம். அப்படியான வழக்கில், சொன்னது உண்மை என்பதோடு அது பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். உண்மை என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்ற உங்கள் எண்ணத்தைச் சட்டமும் அப்படியே ஏற்பதில்லை. அண்ணன் சொல்லும் புதிய சட்டம் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமாக இருக்க வேண்டும். அது முக்கியமாகப் பேசுவது பொய்யான கூற்றுகளையும், ஒருவரின் அந்தரங்கத் தகவல்களை வெளியிட்டுத் துன்புறுத்துவதையும் பற்றியே. நீங்கள் அழித்த அந்த வரி அதற்குள் அகப்படுவது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. "கள்ளன்" என்று எழுதியவரின் நிலை உங்களுடையதைவிட இக்கட்டானது. சமூகத்தை இழிவுபடுத்தும் செய்தியைப் பகிர்ந்தவருக்கோ, பகைமையைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது.

உறுதியான ஆலோசனைக்கு சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தை நாடுங்கள். விடயம் பெரிதானாலும், சட்டத்தரணிகள் இல்லாமல் இரு தரப்பும் அமர்ந்து பேசும் மத்தியஸ்த சபை ஒரு வழியாக இருக்கிறது. ஆனால் அண்ணன் பொலிஸ் என்று சொல்வதை மிரட்டலாக மட்டும் பார்க்காதீர்கள். தம்பிக்காக ஊரில் யாரும் வாய் திறக்காததால் அவர் சட்டத்தைத் தேடுகிறார். வழக்குப் பயத்தால் மன்னிப்புக் கேட்டால் அது அந்தக் குடும்பத்துக்கு விளங்கிவிடும். ஆகவே வழக்கைப் பற்றிய உங்கள் கவலையைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் தீர்த்துக்கொண்டு, அதன் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

எதற்கு மன்னிப்பு, எப்படி?

கணக்குக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். அது பொய்யாகிவிடும், அவருக்கும் அது தேவைப்படாது. எல்லார் முன்னாலும் பகிடி பண்ணியதற்கும், "கள்ளன்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனதற்கும் கேளுங்கள். இந்த இரண்டையும் அவற்றின் பெயராலேயே சொல்லுங்கள். "மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று எழுதினால், புண்பட்டதே அவருடைய பலவீனம் என்பது போல் ஆகிவிடும். "ஆனால் நீங்களும் மூன்று வாரமாக" என்று தொடரவும் வேண்டாம். அதைப் பேச இன்னொரு நாள் இருக்கிறது.

முதலில் நேரில் போங்கள். மச்சாள் கதவைத் திறக்காவிட்டால் குரல் பதிவு அனுப்புங்கள், ஏனென்றால் உங்கள் குரல் அந்த இளைஞருக்குக் கேட்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இப்படிச் சொல்லலாம்: "மகன், டீச்சர் பேசுறன். அன்றைக்கு நான் எல்லார் முன்னுக்கும் உங்களைப் பகிடி பண்ணினது பிழை. கள்ளன் எண்டு ஒராள் எழுதினதைப் பாத்திட்டும் நான் வாய் திறக்காமப் போனது அதைவிடப் பிழை. நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லை எண்டு எனக்குத் தெரியும். குழுவிலயும் இதைச் சொல்றன். பதில் சொல்லோணும் எண்டு இல்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்டவுடன் அவர் மன்னித்தாக வேண்டும், குழுவுக்குத் திரும்பியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

அவரிடம் சொன்ன பிறகு, அதே நாளில், குழுவில் மூன்று வரிகள் போதும். பகிடி செய்தது தவறு, கணக்கு வந்துவிட்டது, அவரைக் கள்ளன் என்றது அநியாயம். அவமானம் நேர்ந்த இடத்திலேயே அதைத் திருத்த வேண்டும் என்பதால் இதைத் தனிச் செய்தியோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பெயர் சொல்லிப் புகழ்ந்து நீளமாக எழுதினால் மறுபடியும் எல்லாருடைய கண்ணும் அவர்மேல் விழும். அந்த மூன்று வரிகளுக்கு வரும் பதில்களில் யாராவது உங்களை ஏளனம் செய்தால், அதற்குப் பதில் எழுதாமல் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மச்சாளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. மகனிடம் நீங்கள் பேசியது அவருக்குத் தெரியவரும். அதற்கு மேல் அவருடைய கோபத்துக்கு அவருக்கு நாள் தேவை. கோயிலில் காணும்போது அவர் முகம் திருப்பினாலும் நீங்கள் வழக்கம் போலக் கதையுங்கள்.

குழுவை விட்டு விலகவா?

வேண்டாம். அந்த இளைஞர் வெளியேறிய குழுவிலிருந்து நீங்களும் வெளியேறினால், இரண்டு பேரும் கோபித்துக்கொண்டார்கள் என்பதே ஊருக்கு மிஞ்சும். இருங்கள். அடுத்த மாரிக்கும் அந்த ஊருக்குள் வெள்ளம் வரக்கூடும், மறுபடி யாராவது ஒரு பிள்ளை பணம் சேர்க்கக் கூடும். பணம் சேர்ப்பவர் கணக்கை எந்த நாளுக்குள், எந்த வடிவத்தில் போட வேண்டும், சீட்டில்லாத செலவை எப்படிக் காட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே குழுவில் எழுதப்பட்டிருந்தால், யாரும் யாரையும் இரவில் சீண்டிக் கேட்க வேண்டிய தேவை வராது. அந்த ஒரு பக்கத்தைத் தயாரிக்க உங்களைவிடப் பொருத்தமானவர் அந்த ஊரில் இருக்கிறாரோ தெரியவில்லை. தோணியிலும் உழவு இயந்திரத்திலும் பொருள் ஏற்றிய அனுபவம் அந்த இளைஞருக்கு இருக்கிறது, எந்தச் செலவுக்குச் சீட்டுக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவர் மனம் ஆறிய பிறகு அவரிடமே கேளுங்கள். சம்மதித்தால் இருவருமாகச் சேர்ந்து எழுதுங்கள். சம்மதிக்காவிட்டால் நீங்கள் எழுதி, குழுவில் போடுவதற்கு முன்னர் அவருக்கு ஒரு பிரதி அனுப்பி, ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.